குளத்தங்கரைக் கணக்கு

ஆண்டுதோறும் ஜனவரியில், திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரக் குளங்களின் கரைகளில் பொழுது புலர்ந்ததும் சிறு சிறு குழுக்கள் வந்து நிற்கின்றன. 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்குத் தாமாக முன்வந்தவர்கள் இவர்கள். வேலை பார்வைக்கு எளியது, செய்வதற்கு நிதானம் வேண்டியது. வெயில் முதுகில் படும்படி நிற்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். கூழைக்கடா போன்ற பெரிய பறவைகளை ஒன்றொன்றாக எண்ணிவிடலாம். ஊசிவால் வாத்துகள் நூற்றுக்கணக்கில் மிதந்தால் அது முடியாது. முதலில் பத்துப் பறவைகளைச் சரியாக எண்ணி, அந்தப் பத்தும் கண்ணுக்கு எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனத்தில் இருத்திக்கொள்வார்கள். பிறகு அந்த அளவையே படியாக வைத்துக் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்துகொண்டே போவார்கள். முக்குளிப்பானும் நீர்க்காகமும் முங்கி எழும் பறவைகள். ஒரு பார்வையில் எண்ணினால் தண்ணீருக்குள் இருப்பவை விட்டுப்போகும். ஆகவே காத்திருந்து மறுபடி எண்ணுவார்கள். கடைசியில் தாளில் நிற்பவை பறவையின் பெயர், எண்ணிக்கை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், குளத்தில் கிடக்கும் தண்ணீரின் அளவு.

இதைப் பார்க்கும் ஒருவருக்கு, ஓய்வு நேரம் உள்ளவர்களின் நல்ல பொழுதுபோக்கு என்று தோன்றலாம். பொழுதுபோக்குத்தான், ஆனால் அதோடு முடிந்துவிடுவதில்லை. உள்ளூர்ப் பறவை ஆர்வலர் சங்கம் ஒன்று ஆண்டுக்காண்டு விடாமல் எடுக்கும் எளிய கணக்கு, வேறு எந்த ஆய்வுக்கூடமும் தர முடியாத அறிவியல் சான்று. அந்தச் சங்கத்தின் மதிப்பு அது கண்டுபிடிக்கும் அரிய பறவைகளில் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த சாதாரணப் பறவைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவதில்தான் இருக்கிறது. இதை ஒப்புக்கொண்டால், காட்டுயிர்ப் பாதுகாப்பில் இத்தகைய சங்கங்களுக்கு நாம் தரும் இடமும், அவை தம் உழைப்பைச் செலவிடும் விதமும் மாற வேண்டியிருக்கும்.

முதலில், ஏன் எண்ண வேண்டும்? கண்ணெதிரே நடக்கும் மாற்றத்தைக் கண்டுகொள்வதில் மனித நினைவு மிகவும் பலவீனமானது. மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995இல் இதைத் தெளிவாகச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்தபோது கடலில் இருந்த மீன்வளத்தையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்பே குறைந்துபோனது அதன் கணக்கில் வருவதில்லை. குறைந்த நிலையே அடுத்த தலைமுறைக்குத் தொடக்க நிலையாகிவிடுகிறது. பறவைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். மின்கம்பியில் பத்துப் பனங்காடைகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு மூன்று என்பது வீழ்ச்சி. மூன்றைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதுவே நிறைவு. இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரிடமும் எழுதிவைத்த கணக்கு இல்லை, அவ்வளவுதான். இந்தக் குறையை ஆய்வு நிறுவனங்கள் மட்டுமே தீர்த்துவிட முடியாது. ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று நிதி கிடைக்கும். பறவைகளின் ஏற்ற இறக்கமோ பல பத்தாண்டுகளில் புலப்படுவது. நாட்டிலுள்ள குளம், வயல், புதர்க்காடு ஒவ்வொன்றுக்கும் சம்பளம் பெறும் ஆய்வாளரை அனுப்ப எந்த அரசாலும் இயலாது. அந்தந்த ஊரிலேயே இருப்பவர்கள், ஊரைவிட்டுப் போகாதவர்கள் செய்தால்தான் உண்டு.

இந்தச் சிதறிய கணக்குகளை அறிவியலாக மாற்றும் உத்தி ஒன்று இருக்கிறது. அதுதான் முழுமையான பட்டியல். பார்த்ததில் சிறப்பானதை மட்டும் எழுதாமல், குறிப்பிட்ட நேரத்தில் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததுமான எல்லாப் பறவைகளையும், காகம் உட்பட, எழுதுவதே இதன் விதி. விதி சிறியது, விளைவு பெரியது. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார் என்றால், எழுதாத பறவையை அவர் அங்கே காணவில்லை என்றாகிறது. இல்லாமையும் ஒரு பதிவாகிவிடுகிறது. ஒரு வட்டாரத்தில் நூறு பட்டியல்களில் எண்பதில் மீன்கொத்தி இருந்தது, பத்தாண்டு கழித்து நூற்றில் ஐம்பதில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பறவை பார்ப்போர் தொகை இதற்கிடையே பத்து மடங்கு பெருகியிருந்தாலும் அந்த விகிதம் தானாக உயர்ந்துவிடாது. ‘ஆள் கூடினால் பறவையும் கூடியதுபோல் தெரியுமே’ என்ற ஐயத்துக்கு இதுதான் விடை. மொத்த எண்ணிக்கையை நம்பாமல், நூறு பட்டியலுக்கு எத்தனை என்ற விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். அதிக நேரம் சுற்றியவரின் பட்டியல் நீளமாக இருக்கும் என்பதால், பட்டியலின் நீளத்தையும் கணக்கில் சேர்த்தே ஒப்பிடுகிறார்கள்.

இந்த வழிமுறையின் வேர் நூறாண்டுக்கும் பழையது. 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் பண்டிகைப் போட்டிக்கு மாற்றாக எண்ணிப் பார்க்கலாமே என்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் முன்மொழிந்தார். அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றளவும் தொடர்கிறது. 1966இல் வட அமெரிக்காவில் சாலையோரமாகக் குறித்த இடங்களில் நின்று எண்ணும் இன்னொரு திட்டமும் சேர்ந்தது. இவை போன்ற தன்னார்வக் கணக்குகளைத் தொகுத்துத்தான், 1970க்குப் பிறகு அந்தக் கண்டம் ஏறக்குறைய 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். இழப்பில் பெரும்பங்கு அரிய பறவைகளுடையது அன்று. சிட்டுகள், அமெரிக்கக் கரும்பறவைகள் போன்ற சாதாரணப் பறவைக் குடும்பங்களுடையது. ஆண்டுதோறும் யாரோ உட்கார்ந்து அவற்றை எண்ணியிராவிட்டால், கூட்டத்தோடு இருக்கும் பறவை குறைவதை ஒருவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இந்தியாவிலும் இதே பாதையில் ஒரு பெரிய ஆவணம் உருவாகியிருக்கிறது. 30,000க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்தவை 338 இனங்கள். அவற்றில் 204 இனங்கள், அதாவது ஐந்தில் மூன்று பங்கு, குறைந்திருக்கின்றன. கூடியவை 36 மட்டுமே. இந்தப் பதிவுகளில் கணிசமானவை ஊர்ச் சங்கங்கள் நடத்தும் கூட்டு நடைகளிலிருந்தும் கணக்கெடுப்புகளிலிருந்தும் வந்தவை. தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அவற்றில் ஒன்று. பண்டிகைக்கு ஊருக்கு வந்தவர்கள் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளைப் பார்த்து முழுப் பட்டியலிட்டால் போதும். அப்படி எழுதப்பட்ட சிறு துண்டுகள் சேர்ந்துதான் ஒரு நாட்டின் பறவைகளைப் பற்றிய முடிவாகின்றன.

எண்ணிக்கை நம் நம்பிக்கைகளை எப்படித் திருத்துகிறது என்பதற்கு இரண்டு பறவைகளைப் பார்க்கலாம். சிட்டுக்குருவி அழிந்துகொண்டிருக்கிறது, கைப்பேசிக் கோபுரங்களே காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில்கூட அது தவறாமல் ஒலிக்கிறது. ஆனால் இதே வரிசையில் 2020இல் வெளிவந்த முதல் அறிக்கை, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் சிட்டுக்குருவி மெல்லக் குறைந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கு மேலாக அது பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது என்று காட்டியது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. மறுபுறம், யாரும் கவலைப்படாத பனங்காடையின் வீழ்ச்சியை 2023 அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பரந்து காணப்படும் பறவை என்பதால் கவலைக்கிடமற்றது என்று வைக்கப்பட்டிருந்த அதன் நிலையை உலக அளவில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. நம் கவலை ஒரு பறவையின் மேல் இருந்தது. ஆபத்து வேறொரு பறவைக்கு வந்திருந்தது. அன்பு மட்டும் இருந்தால் இந்த வேறுபாடு தெரியாது, கணக்கும் வேண்டும்.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. பயிற்சி பெறாதவர்கள் பறவையை மாற்றிச் சொல்லிவிட மாட்டார்களா? சொல்வார்கள். தொலைவில் அமர்ந்திருக்கும் சின்ன நீர்க்காகத்தையும் கொண்டை நீர்க்காகத்தையும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். ஆனால் பிழைகளில் இரண்டு வகை உண்டு. ஒருவர் ஒரு பக்கமும் இன்னொருவர் மறுபக்கமும் செய்யும் பிழைகள், பதிவுகள் பெருகப் பெருகத் தம்மில் கழிந்துபோகும். எல்லோரும் ஒரே பக்கமாகச் செய்யும் பிழை கழியாது. என்றாலும் அது ஆண்டுதோறும் ஒரே அளவில் இருக்கும்வரை போக்கைக் கெடுக்காது. ஒரு தராசு எப்போதும் ஐம்பது கிராம் குறைத்தே காட்டினாலும், மாதாமாதம் அதே தராசில் நிறுத்தால் குழந்தை வளர்கிறதா இளைக்கிறதா என்று தெரிந்துவிடும். இதற்கு மேலும் காவல் இருக்கிறது. அந்த இடத்துக்கோ பருவத்துக்கோ பொருந்தாத பறவையைப் பதிந்தால் தளம் அதைச் சரிபார்ப்புக்காக நிறுத்திவைக்கும். வட்டாரம் அறிந்த தன்னார்வலர் ஒருவர் படமோ விவரமோ கேட்டுச் சரிபார்ப்பார். வட அமெரிக்க ஆய்வில் பறவைகளை அடையாளமே காணாத ஒரு கருவியின் சாட்சியமும் கிடைத்தது. வானிலை ரேடார்களில் பதிவாகும் இரவுநேர வலசைத் திரளும் 2007க்கும் 2017க்கும் இடையே சுமார் 14 விழுக்காடு குறைந்திருந்தது. தொடர்பே இல்லாத இரண்டு வழிகள் ஒரே திசையைக் காட்டும்போது சந்தேகத்துக்கு இடம் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பறவை பார்ப்பவர்கள் பறவை நிறைந்த இடத்துக்கே போகிறார்கள். வேடந்தாங்கலுக்கும் ஊருக்கு அருகிலுள்ள ஏரிக்கும் ஆயிரம் பட்டியல் இருக்கும், ஒரு கரிசல் காட்டுக்கோ பொட்டல் வெளிக்கோ ஒன்றுகூட இருக்காது. இது உண்மையான குறை. புள்ளியியலால் ஓரளவுதான் ஈடுகட்ட முடியும். ஆனால் இதற்கான மருந்தும் சங்கங்களின் கையில்தான் இருக்கிறது என்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றிலிருந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, பிடித்த இடமா பிடிக்காத இடமா என்று பாராமல் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இருமுறை சென்று எண்ணினார்கள். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 25,000 பட்டியல்களில் சுமார் 3 லட்சம் பதிவுகளைத் திரட்டி 361 இனங்களின் பரவலை வரைபடமாக்கினார்கள். ரப்பர்த் தோட்டமும் சந்தைத் தெருவும் அதில் இடம்பெற்றன. எண்ணும் இடத்தை ஆசை தீர்மானிக்காமல் கட்டம் தீர்மானிக்கட்டும் என்று ஒரு சங்கம் முடிவெடுத்துவிட்டால் இந்தக் குறையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது மறுப்பைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களே சொல்கிறார்கள். எண்ணிக்கொண்டே இருந்தால் பறவை பிழைத்துவிடுமா? பாறுக் கழுகுகளின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. உலகிலேயே எண்ணிக்கையில் மிகுந்த பெரிய இரைக்கொல்லிப் பறவை இதுவாகத்தான் இருக்கும் என்று 1980களில் கருதப்பட்டது வெண்முதுகுப் பாறு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் 1990களின் தொடக்கத்தில் சாலைவழியே சென்று எண்ணியிருந்த அதே தடங்களில் 2000இல் மறுபடி எண்ணினார்கள். பறவைகள் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. 2007க்குள் வீழ்ச்சி 99.9 விழுக்காட்டை எட்டியது. முதல் கணக்கு இல்லாமல் இரண்டாவது கணக்குக்குப் பொருளே இருந்திருக்காது. அந்த அபாய அறிவிப்புக்குப் பிறகுதான் தேடல் முடுக்கிவிடப்பட்டது. கால்நடைகளுக்கு வலிநிவாரணியாகப் போடப்படும் டைக்லோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் கண்டறிந்தார்கள். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவுக்குப் போதும் என்றும் கணக்கிடப்பட்டது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவை 2023இல் தடைசெய்யப்பட்டன. எண்ணிக்கை தானாகப் பாறுகளைக் காப்பாற்றவில்லை. ஆனால் எண்ணிக்கை இல்லாமல் ஆய்வும் சட்டமும் வந்திருக்கவே மாட்டா. இன்று தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் பாறுகள் எஞ்சி நிற்பதும், அங்கே அவற்றைத் தொடர்ந்து எண்ணிவருவதும் இந்தச் சங்கிலியின் தொடர்ச்சிதான்.

எண்கள் நேரடியாகச் சட்டத்தின் மொழியாகிவிடும் இடங்களும் உண்டு. ஒரு நீர்நிலை பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்ததா என்று ராம்சர் உடன்படிக்கை தீர்மானிக்கும் அளவுகோல்களில் நீர்ப்பறவைகளுக்கான இரண்டும் முழுக்க எண்ணிக்கையைச் சார்ந்தவை. அங்கே வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூட வேண்டும். அல்லது ஏதேனும் ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்காவது அங்கே வாழ வேண்டும். எண்ணாத குளம் எவ்வளவு வளமாக இருந்தாலும் இந்தப் படியில் ஏற முடியாது. திருப்பூர் நஞ்சராயன் குளத்தைப் பாருங்கள். சாயக்கழிவால் பேர் கெட்ட நொய்யல் வட்டாரத்தில், சுமார் 126 ஹெக்டேரில் விரிந்திருக்கும் ஆழமற்ற நீர்நிலை அது. அங்கே 191 பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் அவற்றில் அடக்கம். அந்தக் குளம் மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் தகுதியும் பெற்றது. மதுரை அரிட்டாபட்டியிலும் இப்படித்தான். லகர் வல்லூறு உள்ளிட்ட வேட்டைப் பறவைகள் அந்தக் குன்றுகளில் வாழ்வதும், சுமார் 250 பறவை இனங்கள் பதிவாகியிருப்பதும் 2022இல் அது மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது முன்வைக்கப்பட்ட காரணங்கள். டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் அந்தப் பகுதியைச் சூழ்ந்தபோது ஊர் மக்களின் போராட்டத்தோடு அந்த அறிவிப்பும் துணைநின்றது. 2025 ஜனவரியில் சுரங்க உரிமைக்கான ஏலம் ரத்தானது.

பறவை பார்ப்பவர்களே பறவைக்குத் தொல்லை என்று சொல்வோரும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. நல்ல படத்துக்காகக் கூட்டின் அருகே போய் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய்ப்பறவை விலகியிருக்கும். முட்டை வெயிலில் காயும். காகம் வழி கண்டுகொள்ளும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது, அது இரை தேட வேண்டிய நேரத்தைப் பறிப்பது. இந்தத் தீமை தனித்தனியாக அலைபவர்களிடம்தான் மிகுதி. கட்டுப்பாடுள்ள சங்கம் அதைக் குறைக்கும். கூடுகட்டும் பறவையைப் படமெடுப்பதில்லை, வேட்டைக்கும் கடத்தலுக்கும் இலக்காகும் இனங்களின் இடத்தை வெளியிடுவதில்லை என்பதை உறுப்பினர்களின் முதல் பாடமாக வைக்க வேண்டும். அதைச் செய்யாத சங்கம் எத்தனை பட்டியல் பதிந்தாலும் பயனில்லை. உறுப்பினர் வட்டமும் விரிய வேண்டும். வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைத் தடுக்கச் செங்கல்பட்டு ஆட்சியரிடம் உத்தரவு பெற்றது 1798இல். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்த அறிவியல். நீர்ப்பாய்ச்சுபவரும் ஆடு மேய்ப்பவரும் வலை வீசுபவரும் ஆண்டு முழுவதும் குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் இல்லாத சங்கத்துக்கு ஒரு கண் குறைவு.

ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரில் 1905இல் தொடங்கிய பூச்சியியல் சங்கம் ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேறு தொழில் செய்பவர்கள். 1989 முதல் ஒரே வகைப் பொறியை, ஒரே முறையில், 63 காப்பிடங்களில் வைத்து, விழுந்த பூச்சிகளை எடைபோட்டு எழுதிவந்தார்கள். 27 ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, பறக்கும் பூச்சிகளின் எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 2017இல் அது வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. உயர்ந்த கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. முறையை மாற்றாத பிடிவாதம் மட்டும் இருந்தது. நம் ஊர்ச் சங்கங்களுக்கும் வேண்டியது அதுவே. ஊருக்கு ஒரு குளம், ஒரு வயல்வெளி, ஒரு புதர்க்காடு என்று மூன்று இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே கரையில், அதே அளவு நேரம் நின்று, காகத்தையும் மைனாவையும் விடாமல் எழுதுங்கள். ஒன்றுமே தென்படாத நாளையும் எழுதுங்கள்; வறண்ட குளத்தின் வெற்றுப் பட்டியலும் சான்றுதான். எழுதியதைப் பொதுத்தளத்தில் சேருங்கள், ஒரு படியை ஊராட்சியிடமும் பள்ளியிடமும் கொடுத்து வையுங்கள். இடித்த கரையைத் திரும்பக் கட்டலாம், தூர்ந்த குளத்தைத் திரும்ப வெட்டலாம். இந்த ஆண்டு எடுக்காமல் விட்ட கணக்கை மட்டும் எந்த ஆண்டிலும் திரும்ப எடுக்க முடியாது.